கண்ணை மட்டும் விட்டுவிட்டு

புதுப்பட்டினத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு டியூஷன் சென்டர் இருக்கிறது. தினமும் விடிந்தும் விடியாமலும் அதன் வாசலில் ஒரு தாய் ஸ்கூட்டரை நிறுத்தி, எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, தன் மகனுக்கு இட்லி ஊட்டுகிறாள். மகனுக்கு மீசை அரும்பிவிட்டது. அம்மாவைவிட ஒரு முழம் உயரம். அவன் கையில் விரித்த புத்தகம். வாய் திறக்கும்போது இட்லி உள்ளே போகிறது. மென்றுகொண்டே எதையோ முணுமுணுக்கிறான். கடைசி வாய் முடிந்ததும் அவள் துப்பட்டாவின் நுனியால் அவன் உதட்டைத் துடைக்கிறாள். அவன் புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே உள்ளே போகிறான். முதல் நாள் மாடியிலிருந்து இதைப் பார்த்தபோது பையனுக்குக் கையில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பரிதாபப்பட்டேன். மறுநாள் எண்ணினேன். ஒன்பது ஸ்கூட்டர்கள் வந்தன. நான்கில் ஊட்டல் நடந்தது. நான்கு பிள்ளைகளுக்கும் கை நன்றாகத்தான் இருந்தது.

எண்ணுவது என் பிழைப்பு. சென்னைத் துறைமுகத்தில் கப்பலில் ஏறும் இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் எழுத்தராக இருந்தேன். பிறகு ஒரு கப்பல் கம்பெனி மூலமாக நெதர்லாந்து போய், ராட்டர்டாம் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் பெட்டிகளை எண்ணினேன். கண்ணில் படுவதையெல்லாம் எண்ணாவிட்டால் எனக்குப் படபடப்பு வரும். கேஸ் மூடியிருக்கிறதா, மாத்திரை எத்தனை மிச்சம், பள்ளி வேனில் எத்தனை பிள்ளைகளுக்கு சீட் பெல்ட் இல்லை (ஒருவருக்கும் இல்லை) என்று கவலைப்பட்டுக்கொண்டே இருக்கும் கிழவன் நான். ஊரைவிட்டுப் போனபோது செங்கல்பட்டுப் பக்கம் படாளத்துக்காரன். திரும்பி வந்திருப்பது யார் என்று இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. என் மகள் ரூத்துக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டையும் இங்கே படிக்கட்டும் என்று அவளை அழைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். என் மனைவி வசந்தா ராட்டர்டாமில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வேலையை விட முடியாமல் அங்கேயே இருக்கிறாள். அங்குள்ள தமிழ் நண்பர்கள் வாரம் தவறாமல் கேட்கிறார்கள்: 'நாங்களும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாமா? மேல்நிலை வகுப்பில் பெற்றோர் என்னதான் செய்ய வேண்டும்?' ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லத் தெம்பில்லை. அதனால் எழுதுகிறேன். உற்சாகமான பதிலை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் அங்கே நடந்தது. நெதர்லாந்தில் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போதே எந்த நிலையில் உயர்பள்ளி படிப்பது என்று ஆசிரியர்கள் ஆலோசனை சொல்லிவிடுவார்கள். ரூத்துக்குக் கிடைத்தது 'ஹாவோ' என்னும் நடுநிலை. அதிலிருந்து நேராக மருத்துவம் படிக்கப் போக முடியாது. ரூத் தன் பதினான்காம் வயதில், ஒரே ஒரு முறை, சாப்பாட்டு மேஜையில், 'டாக்டர் ஆனாலும் ஆகலாம்' என்றாள். சொல்லிவிட்டுத் தயிர் ஊற்றிக்கொண்டாள். அவள் மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை. அவளுடைய வகுப்பாசிரியரைப் பார்க்கப் போனேன். அங்கே பெற்றோருக்குப் பத்து நிமிடம் தருவார்கள். முப்பது வயது இளைஞர், காபி கொடுத்தார். மாலையில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைக்கிறேன், எந்தப் பாடத்திலிருந்து ஆரம்பிக்கட்டும் என்று கேட்டேன். அவர் சிரித்து, "லாட் ஹார் லோஸ், மெனேர்" என்றார். அவளை விட்டுவிடுங்கள், ஐயா. ஒரு வாத்தியார் வாயால் பிள்ளையை விட்டுவிடு என்று கேட்பது எனக்கு வைத்தியர் கைவிரிப்பதுபோல இருந்தது. அவர் சொன்னது வேறு என்று இப்போது தெரிகிறது. தன் சைக்கிளைத் தானே ஓட்டட்டும் என்றார், அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குள் ஓடியது ஒன்றுதான்: இவர்கள் என் பெண்ணைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டார்கள்.

இழுத்துக்கொண்டு வந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ரூத்தும் சம்மதித்தாள். புதுப்பட்டினத்தில் அவளுடைய தாய்மாமன் ஏழுமலை இருக்கிறார். விடுமுறையில் வரும்போதெல்லாம் அவளைக் கடற்கரைக்கும் கடைக்கும் வண்டியில் வைத்துச் சுற்றியவர். சொந்தமாக ஒரு மஞ்சள் பள்ளி வேன் ஓட்டுகிறார். நாங்கள் சேர்ந்த பள்ளி செங்கல்பட்டில். அவர் வேன் போகும் பள்ளியும் அதுதான். "ஏசப்பா வூட்டுப் பொண்ணுக்கு ஏழுமலையான் வண்டி" என்று முதல் நாளே சிரித்தார். வசந்தா வீடு இந்து வீடு, என் வீடு கிறிஸ்தவ வீடு. அதை வைத்து எங்களுக்குள் சண்டை வந்ததில்லை, ஏழுமலைக்கு வேடிக்கைதான் வந்தது.

முதல் ஐந்தாறு மாதம் நன்றாகவே போனது. சேர்ந்து ஒரு மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழுமலை எங்கள் இருவரையும் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை. உள்ளே அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. ரூத் ஒரு கல்லின் முன் மண்டியிட்டு மண்ணைத் தட்டிவிட்டுப் படித்தாள்.

"இன்னாம்மா எழுதிகீது?" என்றார் ஏழுமலை.

"இங்கே ஓய்வெடுக்கிறார் என்று எழுதியிருக்கிறது, மாமா."

"ரெஸ்ட்டா? கப்பல் ஏறி அம்மாந்தூரம் வந்து, இங்க ரெஸ்ட் எடுத்துகினு கீறானா? உங்க அப்பன் அங்க போய் பெட்டி எண்ணிகினு இருந்தாரு, இவன் இங்க வந்து படுத்துகினு கீறான். கணக்கு டேலி ஆயிடிச்சி மச்சான்!"

ரூத் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போது அவள் பேசியது நான் வீட்டில் சொல்லிக்கொடுத்த தமிழ். வானொலியில் செய்தி படிப்பவர்களின் தமிழ். அதை ஏழுமலை கேலி செய்யாத நாளில்லை. "உம் பொண்ணு பேசுனா எனக்கு எழுந்து நிக்கணும் போல கீது மச்சான்" என்பார்.

இந்த மாதங்களில் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கேட்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் சொல்கிறேன். ரூத் படிக்கும்போது எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்; அவள் பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன், தண்ணீர் குடிக்க நான்கு முறை எழுந்தாள். ஒரு நாள் எனக்குச் சலிப்பு வந்து, சமையலறையில் பீன்ஸ் நறுக்கப் போய்விட்டேன். சற்று நேரத்தில் அவள் புத்தகத்தோடு வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, வேதியியல் பாடத்தை டச்சும் தமிழும் கலந்து எனக்குச் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு வேதியியல் ஒரு எழுத்தும் தெரியாது. "அப்புறம்?" என்றேன். சொன்னாள். "அது ஏன் அப்படி?" என்றேன். யோசித்தாள், புத்தகத்தைப் புரட்டினாள், கோபப்பட்டாள், பிறகு அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். அன்றிலிருந்து தினமும் மாலையில் இது நடந்தது. நான் கீரை ஆய்வேன், மீன் கழுவுவேன். அவள் நின்றுகொண்டு சொல்வாள். பெற்றோர் செய்யக்கூடிய உதவி என்று ஏதாவது இருந்தால் அது இதுதான் என்று நினைக்கிறேன். கைக்கு ஒரு வேலையை வைத்துக்கொண்டு, காதைத் திறந்துவைத்துக்கொண்டு, தெரியாதவனாக நிற்பது. என்ன மார்க் என்று கேட்டால் பிள்ளை எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடும். அப்புறம் என்று கேட்டால் நிற்கும். என் வாழ்க்கையில் நான் எதையும் எண்ணாமல் இருந்த நேரம் அந்த மாலைகள்தான்.

பிறகு அரையாண்டுத் தேர்வு வந்தது. ரூத்துக்கு உயிரியலில் நல்ல மார்க். வேதியியலில் குறைந்துவிட்டது. புரிந்துகொண்டாள், ஆனால் இங்கே கேட்கும் வேகத்தில் எழுத வரவில்லை. பள்ளியில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கென்று ஒரு தனி வகுப்பு இருக்கிறது; ஸ்பெஷல் பேட்ச் என்பார்கள், ரூத்தும் அதில்தான் இருந்தாள். ஒரு பாடத்தில் குறைந்தாலும் அதிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. பெற்றோர் கூட்டத்துக்கு வரச்சொன்னார்கள்.

நெதர்லாந்தில் பத்து நிமிடமும் காபியும் தனி அறையும் கிடைக்கும். இங்கே ஒரே கூடம். முன்னால் வகுப்பாசிரியை. அவர் எதிரில் பெற்றோர் ஒருவர், பக்கத்தில் பிள்ளை. பின்னால் வரிசையாக மற்ற பெற்றோர் எல்லோரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். மார்க்கை உரக்கப் படிப்பார்கள். படித்து முடித்ததும் ஆசிரியை, "வீட்ல நீங்க என்ன ஸ்டெப் எடுத்தீங்க?" என்று கேட்பார். உடனே பெற்றோர் தாங்கள் விட்டுக்கொடுத்ததையெல்லாம் ஒப்பிக்க வேண்டும். இது ஒரு சடங்கு. எனக்கு முன்னால் இருபத்து மூன்று பேர். "கேபிள கட் பண்ட்டேன் மேடம்" என்றார் ஒருவர். "அவன் ஃபோன பீரோல பூட்டி சாவிய எங்க மாமியார்கிட்ட குட்த்துட்டேன்" என்றார் ஒரு அம்மா. "எந்தங்கச்சி கல்யாணத்துக்கே நாங்க போவல மேடம், இவ படிப்பு கெட்டுடும்னு" என்றார் மூன்றாமவர். அதைக் கேட்டு அந்தக் கூடமே ஒரு மாதிரி மரியாதையோடு மௌனமானது. சொந்தத் தங்கை கல்யாணம். அதற்கு மேல் யார் என்ன கொடுக்க முடியும்? ஆசிரியை அந்தப் பெண்ணைப் பார்த்து, "பாத்தியா உங்கப்பாவ?" என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

எங்கள் முறை வந்தது. ரூத் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆசிரியை நல்லவர், களைத்திருந்தார். மார்க்கைப் படித்தார். "ஃபாரின்லேர்ந்து வந்த கொழந்த, டைம் குடுக்கணும்னு எனக்குத் தெரியும் சார். ஆனா பேட்ச் விஷயம் என் கையில மட்டும் இல்ல. வீட்ல நீங்க என்ன ஸ்டெப் எடுத்தீங்க?" என்றார்.

எங்கள் வீட்டில் டிவி இல்லை. போனை அவள் தானாகவே எட்டு மணிக்கு அணைத்துவிடுவாள். நாங்கள் தவறவிட எந்தக் கல்யாணமும் இல்லை. பீன்ஸ் நறுக்குகிறேன் என்று அந்தக் கூடத்தில் எப்படிச் சொல்வது? பின்னால் எல்லோரும் காத்திருந்தார்கள். என் வாய் தானாகத் திறந்தது.

"மேடம், அவ இனிமே உங்க பொண்ணு. கண்ண மட்டும் விட்டுட்டு மீதித் தோல உரிச்சிடுங்க. நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்" என்றேன்.

ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஐயோ சார், அந்தக் காலமெல்லாம் போயிடுச்சு. இப்ப பிள்ளைங்க மேல விரல் வெச்சா எங்க தோல உரிச்சிடுவாங்க." கூடம் முழுக்கச் சிரித்தது. பின்வரிசையில் யாரோ, "எங்க நைனாவும் இதத்தான் சொல்லினு இருந்தாரு" என்றார். சிரிப்பு கூடியது. நானும் சிரித்தேன். ஏதோ ஒரு தேர்வில் பாஸானது போல, இந்த ஊர்க்காரன் என்று என்னை ஒத்துக்கொண்டது போல, மனது நிறைந்து சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் ரூத் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆசிரியையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாக்கியம் என் அப்பாவுடையது. ஒன்பதாம் வகுப்பில் என்னைச் சேர்க்க அவர் படாளத்திலிருந்து பள்ளிவரை என்னோடு நடந்து வந்தார். அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். கையெழுத்துப் போடத் தெரியாது. தலைமை ஆசிரியர் அறைக்குள் வரவில்லை. வா என்று யாரும் சொல்லவும் இல்லை. கதவுக்கு வெளியே நின்று, தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையைக் கூப்பி, "அய்யா, கண்ண மட்டும் வுட்டுட்டு மீதித் தோல உரிச்சிக்கங்க. எலும்ப நான் வந்து பொறுக்கினு போறேன்" என்றார். எங்கள் பக்கத்தில் அப்போது எல்லா அப்பாக்களும் இதைத்தான் சொன்னார்கள். அடிக்கச் சொல்வதல்ல அது. நடவு வரும், அறுவடை வரும், கைக்கு ஆள் வேண்டும் என்று நிலத்துக்காரர் சொல்லியனுப்புவார்; அப்போதெல்லாம் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலியாகிவிடும். அப்பா அந்த ஒரு வாக்கியத்தில் சொன்னது: இவனை நான் வயலுக்குத் திருப்பிக் கூப்பிட மாட்டேன். சொன்னபடியே ஒரு நடவுக்கும் கூப்பிடவில்லை. என் பங்குக்கும் சேர்த்து அவரே குனிந்தார். படித்த அப்பா பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரலாம். அவரிடம் இருந்தது என் மேலிருந்த உரிமை ஒன்றுதான். அதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. நான் பெரிய ஆளாகிவிட்டேன் என்று தோன்றியது.

அன்று நாங்கள் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் திரும்பினோம். ரூத் ஜன்னல் ஓரம். திருக்கழுக்குன்றம் தாண்டியது. பிறகு யாருக்கும் புரியக் கூடாது என்று டச்சில் கேட்டாள்: "தோல் என்று நீங்கள் சொன்னது, இந்தத் தோலா?" தன் முன்கையைக் கிள்ளிக் காட்டினாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தாவைப் பற்றி, கதவைப் பற்றி, நடவைப் பற்றி. டச்சில் சொல்லும்போது அது இன்னும் மோசமாகிக்கொண்டே போனது. கக்கத்தில் இடுக்கிய துண்டுக்கு அந்த மொழியில் என்னிடம் சொல் இல்லை. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். கெட்டிக்காரப் பெண், எல்லாம் புரிந்தது. அதுதான் துயரம். புரியாமல் போயிருந்தால் இன்னொரு முறை விளக்கியிருப்பேன்.

"சரி. தாத்தா உங்களை வயலுக்குக் கூப்பிட மாட்டேன் என்று சொன்னார். நீங்கள் என்னை எங்கே கூப்பிட மாட்டேன் என்று சொன்னீர்கள்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். டிக்கெட் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்க வெகு நேரமானது. என் அப்பா தனக்குத் தேவையான ஒன்றை விட்டுக்கொடுத்து அதைச் சொன்னார். நான் எதையும் விடவில்லை. அம்மாவிடமிருந்தும் அவளுடைய சைக்கிளிடமிருந்தும் சிநேகிதிகளிடமிருந்தும் நான்தான் அவளைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தேன். வாக்கியம் மட்டும் அப்பாவுடையது.

"நீங்கள் சிரித்தீர்கள்" என்றாள். பிறகு புதுப்பட்டினம் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று மாலை முருங்கைக்கீரை ஆய்ந்தேன். அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கோபமாகக் கதவைச் சாத்தவில்லை; மெதுவாகச் சாத்தினாள். வசந்தா போன் செய்தாள். அவளிடம் ரூத் சொல்லியிருந்தாள்.

"இன்னாங்க, எங்க அப்பாவுந்தான் எங்க அண்ணன இஸ்கோல்ல வுட சொல்லோ இதையே சொன்னாரு. எங்க அண்ணன் அன்னிக்கே செவுரு எகிறி ஓடியாந்துட்டான்" என்று சிரிக்கப் பார்த்தாள். பிறகு குரல் மாறியது. "அவ எங்கிட்ட அழுவலங்க. செய்தி சொல்ற மாரி சொன்னா. அதான் எனக்கு பயமா கீது. நீங்க எதுவும் வெளக்கம் குடுக்காதீங்க இனிமே. சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். சும்மா இருப்பதும் ஒரு வேலைதான். எனக்கு அதில் பழக்கமில்லை. ரூத் மாலை நேரங்களில் மாமன் வீட்டுக்குப் போய்ப் படிக்க ஆரம்பித்தாள். நான்கு வீடு தள்ளி. அங்கே டிவியில் சீரியல் அலறும். ஏழுமலையின் மனைவி அஞ்சலை தரையில் உட்கார்ந்து இறால் உரிப்பார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து போவார்கள். அந்தச் சந்தடியின் நடுவில் என் பெண் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு வேதியியல் படித்தாள். கண் கெடுமே, காது கெடுமே என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தேன். அஞ்சலை, "அண்ணாத்த, வந்து குந்து, டீ போடறேன்" என்றார். ரூத் புத்தகத்தை மூடிவிட்டு நான் போகும்வரை டிவியைப் பார்த்தாள். மூன்றாம் முறை நான் போகவில்லை.

அவளுடைய மார்க் ஏறியது. இதை எழுதாமல் விட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது. அடுத்த மாதத் தேர்விலேயே ஏறியது; அதற்கடுத்ததில் இன்னும் ஏறியது. ஸ்பெஷல் பேட்சில் அவளை வைத்துக்கொண்டார்கள். குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. திரும்பிப் போகிறாயா என்று வசந்தா கேட்டதற்கு, "இல்லம்மா, முடிச்சிட்டு வரேன்" என்று சொன்னாளாம். என்னிடம் தேவையானதைப் பேசுகிறாள்: தண்ணீர் கேன் வந்ததா, ஷூ கிழிந்துவிட்டது, நாளை சனிக்கிழமையும் பள்ளி உண்டு. முகம் கொடுத்தே பேசுகிறாள். நண்பர்களே, பிள்ளைகள் நம்மிடம் சண்டை போடும்வரை பயப்பட ஒன்றுமில்லை. மரியாதையாக நடத்த ஆரம்பித்துவிட்டால்தான் இருட்டு.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அறிவிப்பு வந்ததை நான் வாட்ஸ்அப்பில் பார்த்தேன். சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். முந்தின நாள் ரூத் வந்து, டச்சில் இல்லை, தமிழில் சொன்னாள்: "அப்பா, நாளைக்கு மாமா வருவாரு. மிஸ்ஸுகிட்ட கேட்டுட்டேன். தாய்மாமன்னா பரவாயில்லன்னு சொல்லிட்டாங்க." என்னை வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. மாமா வருவார் என்றுதான் சொன்னாள். நான் தலையாட்டினேன். காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ள மாமன் வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். அதை யாரால் மறுக்க முடியும்?

ஏழுமலைக்குத்தான் சங்கடம். காலையிலேயே வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். "மச்சான், நீயும் வா. நா மட்டும் போனா எனக்கு இன்னா தெரியும்? ஸ்கூலுக்குள்ள போனாலே எனக்கு ஒண்ணுக்கு வர்து."

"நீங்க போயிட்டு வாங்க. நான் வண்டியில உக்காந்திருக்கேன்."

"சர்தான். ஜன்னல தொறந்து வுடறேன். பேஜார் பண்ணாம குந்து."

அப்படித்தான் நேற்று செங்கல்பட்டில் பள்ளிக் கேட்டுக்கு வெளியே, காலியான மஞ்சள் வேனின் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கான இருக்கை. முழங்கால் முன் சீட்டில் இடித்தது. தரையில் உடைந்த பென்சில், ஒரு காலுறை. உள்ளே ஒலிபெருக்கியில் யாரோ பேசினார்கள். என்ன என்று கேட்கவில்லை. மற்ற பெற்றோர் என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். தங்கை கல்யாணத்துக்குப் போகாத அந்த மனிதர் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், டிரைவர் வர்லயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்து இருவரும் வந்தார்கள். ஏழுமலை முகமெல்லாம் பல். ரூத் முன் சீட்டில், அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னா மாமா நீ? மிஸ்ஸுகிட்ட அம்மாம் பெரிய பொய் வுட்டுகினு கீற! எங்க வூட்ல டிவியே போடறதில்லன்னு!"

"பின்ன? உங்க அத்த சீரியல் பாத்துகினே எறா உரிக்கறா, இவ அங்க குந்தினு படிக்கறான்னு சொல்ல சொல்றியா? மானம் பூடும்."

"அப்பால கேபிள கட் பண்ட்டேன்னு வேற சொன்ன. அத்தைக்குத் தெரிஞ்சா ஒனக்கு நாஸ்தா கட்!"

இருவரும் சிரித்தார்கள். நான் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது படாளத்தில் நான் பிறந்து விழுந்த பேச்சு. துறைமுக ஆபீசில் மற்ற எழுத்தர்கள் சிரித்ததற்காக நான் ஒவ்வொரு சொல்லாகத் தேய்த்துக் கழுவி எடுத்த பேச்சு. அவளுக்கு நான் ஒரு நாளும் சொல்லித்தராதது. கூடவே பிறந்தது போல அவள் வாயில் அப்படியே இருந்தது. என் பெண் இந்த ஊர்ப் பெண்ணாகிவிட்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அந்தத் தமிழ் எனக்கு வரவில்லை. பின் சீட்டிலிருந்து டச்சில் கேட்டேன்: "ஹூ கிங் ஹெட்?" எப்படிப் போனது?

ரூத்தின் தோள்கள் ஒரு கணம் அசையாமல் நின்றன. கேட்டுவிட்டது.

"இன்னாம்மா சொல்றாரு உங்க அப்பா?" என்றார் ஏழுமலை, சாவியைத் திருகிக்கொண்டே.

"ஒண்ணும் இல்ல மாமா. வண்டிய எடு."

வேன் கிளம்பியது. உள்ளே மூன்று பேர் இருந்தோம். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் அதில் இரண்டு பேர். அந்த இருவரும் புதுப்பட்டினம் வரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.